வீடியோ என்கோடிங் மணிக்கணக்கில் இழுக்கிறதா? புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!

இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யப் போட்டால், ‘இன்னும் 5 மணி நேரம்’ என்று காட்டுகிறது கம்ப்யூட்டர். யூடியூப் சேனல் நடத்துபவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், பழைய கேசட்டுகளை ஃபைலாக மாற்றுபவர்கள் என எல்லோருக்கும் பழகிப்போன தலைவலி இது.

“கிராபிக்ஸ் கார்டு போட்டா பறக்கும்”, “எஸ்எஸ்டி மாத்துங்க”, “ரேம் கூட்டுங்க” என ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இதில் சிலது உண்மை, சிலது வீண் செலவு. அதைவிட முக்கியம், வேகத்துக்காக ஒரு செட்டிங்கை மாற்றினால் பதிலுக்கு வேறு ஏதோ ஒன்று குறையும். எது குறைகிறது என்றே தெரியாமல் மாற்றிவிட்டு, ஒரிஜினல் ஃபைலையும் அழித்துவிட்டால் அந்த வீடியோ பழைய தரத்துக்குத் திரும்பவே திரும்பாது.

என்கோடிங் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? காசு செலவழிக்காமல் எங்கே வேகத்தைக் கூட்டலாம்? எங்கே அவசரப்படவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

என்கோடிங் என்றால் என்ன?

ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில் 1920 × 1080 புள்ளிகள் இருக்கின்றன. அதாவது சுமார் 20.7 லட்சம். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு ஃபிரேமுக்கே சுமார் 6.2 எம்பி ஆகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் சுமார் 155 எம்பி. ஒரு மணி நேர வீடியோவுக்கு? கிட்டத்தட்ட 560 ஜிபி!

ஆனால், இதே தரத்தில் யூடியூபில் ஏற்ற நொடிக்கு 8 மெகாபிட் போதும் என்று யூடியூப் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 3.6 ஜிபிதான். 560 ஜிபியை 3.6 ஜிபிக்குள் அடைப்பது, அதுவும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் அடைப்பது. இந்த வேலைக்குப் பெயர்தான் என்கோடிங்.

எப்படி முடிகிறது? கல்யாண மேடையை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த ஃபிரேம்களில் பின்னால் இருக்கும் அலங்காரம் அப்படியேதான் இருக்கும். மணமக்களின் கையும் மாலையும்தான் அசையும். எனவே, ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாகச் சேமிக்காமல், ‘இந்தக் கட்டம் இத்தனை புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது’ என்று மாற்றத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது என்கோடர்.

எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று தேடிப் பார்ப்பதில்தான் நேரம் போகிறது. நன்றாகத் தேடினால் ஃபைல் சின்னதாகும், நேரம் கூடும். மேலோட்டமாகத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஃபைல் பெரிதாகும் அல்லது படம் கெடும். நேரம், சைஸ், தரம் - இந்த மூன்றுக்குள் நடக்கும் பேரம்தான் என்கோடிங். மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது.

ஹெச்.264, ஹெச்.265, ஏவி1: எது வேகம்?

வீடியோவைச் சுருக்கும் முறைக்கு ‘கோடெக்’ என்று பெயர். 2003-ல் வந்த ஹெச்.264 இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா போனிலும் டிவியிலும் ஓடும். 2013-ல் ஹெச்.265, 2018-ல் ஏவி1 வந்தன. புதிய கோடெக் என்றால் அதே தரத்துக்கு ஃபைல் சின்னதாகும். ஆனால், தேடிப் பார்க்க வேண்டிய வாய்ப்புகளும் அதில் அதிகம். அதனால் பிராசஸருக்கு வேலையும் அதிகம்.

ஹெச்.265 முறையில் என்கோட் செய்ய உலகம் முழுக்கப் பயன்படும் ‘எக்ஸ்265’ மென்பொருளுக்கு சென்னைத் தொடர்பும் உண்டு. அதை 2013-ல் தொடங்கிய மல்டிகோர்வேர் நிறுவனத்துக்கு சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

ஆக, ‘லேட்டஸ்ட்’ என்பதற்காகவே ஹெச்.265-ஐயோ ஏவி1-ஐயோ தேர்ந்தெடுத்துவிட்டு, ‘கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஃபைல் சைஸ் பிரச்னை இல்லை, எல்லா டிவியிலும் ஓட வேண்டும் என்றால் ஹெச்.264 போதும். கோடெக்கை மாற்றிய உடனேயே நேரம் கணிசமாகக் குறையும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

என்கோடிங் ஓடும்போது ‘எஃப்பிஎஸ்’ என்று ஒரு எண் காட்டும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் முடிகிறது என்பதுதான் அது. இரண்டு மணி நேர வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 1,80,000 ஃபிரேம்கள்.

- நொடிக்கு 10 ஃபிரேம் முடிந்தால்: 5 மணி நேரம்
- நொடிக்கு 50 ஃபிரேம் முடிந்தால்: 1 மணி நேரம்
- நொடிக்கு 200 ஃபிரேம் முடிந்தால்: 15 நிமிடம்

செட்டிங்கை மாற்றிப் பார்க்க முழு வீடியோவையும் ஓட்டத் தேவையில்லை. வீடியோவிலேயே கஷ்டமான ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பூ தூவும் காட்சி, மழை, ஆட்டம், கூட்டம் மாதிரி நிறைய அசைவு உள்ள இடமாக இருக்கட்டும். அதை மட்டும் என்கோட் செய்து எஃப்பிஎஸ், சைஸ், படத்தின் தரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால், எதனால் வேகம் வந்தது என்றே தெரியாது.

எங்கே அடைக்கிறது? டாஸ்க் மேனேஜர் சொல்லும்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். என்கோடிங் ஓடும்போதே ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள்.

பிராசஸர் 90 முதல் 100 சதவீதம் ஓடுகிறதா? பயப்பட வேண்டாம், இது நல்ல அறிகுறி. கம்ப்யூட்டர் தன் முழு சக்தியையும் போட்டு வேலை செய்கிறது. இனி வேகம் வேண்டுமென்றால் செட்டிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

பிராசஸர் 30, 40 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியே ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ என்கோட்’ வரைபடத்தைப் பாருங்கள். அது உயரத்தில் ஓடினால், வேலை ஹார்ட்வேர் என்கோடரில் நடக்கிறது என்று அர்த்தம். அதுவும் சும்மா இருந்தால், நடுவில் ஏதோ ஒரு ஃபில்டரோ எஃபெக்ட்டோ எல்லாவற்றையும் காக்க வைக்கிறது.

டிஸ்க் 100 சதவீதமா? ஒரே பழைய ஹார்டு டிஸ்கில் படிப்பதும் எழுதுவதும் நடக்கலாம், அல்லது பின்னணியில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடலாம்.

ஆரம்பத்தில் வேகமாக ஓடி, பத்து நிமிடத்தில் சுருண்டுவிடுகிறதா? அப்படியானால் சூடு. அதைப் பற்றிக் கீழே பார்க்கலாம்.

பைசா செலவில்லாத வேகம்: தேவையில்லாத வேலையை நிறுத்துங்க

பெரும்பாலான வீடுகளில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான்.

1. என்கோட் செய்யத்தான் வேண்டுமா?
எம்கேவி ஃபைலை எம்பி4 ஆக்குவதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் எம்கேவி, எம்பி4 என்பவை வெறும் டப்பாக்கள்தான். உள்ளே இருக்கும் வீடியோ இரண்டிலும் ஒரே ஹெச்.264-ஆக இருக்கலாம். அப்போது டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். இதை ‘ரீமக்ஸ்’ என்பார்கள். பெரிய ஃபைலாக இருந்தாலும், ஒரு காப்பி எடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தரத்தில் துளியும் இழப்பு கிடையாது.

ஆரம்பத்தையும் முடிவையும் வெட்டுவது, இரண்டு துண்டுகளை ஒட்டுவது போன்ற வேலைகளுக்கும் இதேதான். லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் என்கோட் செய்யாமலே வெட்டலாம். ஒரே ஒரு குறை உண்டு. முழு ஃபிரேமாகச் சேமிக்கப்பட்ட ‘கீஃபிரேம்’ இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். அதனால் நீங்கள் நினைத்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்னே பின்னே வெட்டு விழலாம். ஒட்டும்போது இரண்டு துண்டுகளும் ஒரே கோடெக், ஒரே சைஸில் இருக்க வேண்டும்.

2. ஃபில்டர்களைக் கவனிங்க
இரைச்சல் நீக்கும் ‘டீநாய்ஸ்’ ஃபில்டர்தான் பல நேரங்களில் உண்மையான குற்றவாளி. குறிப்பாக, ஹேண்ட்பிரேக் மென்பொருளில் உள்ள ‘என்எல்மீன்ஸ்’ ஃபில்டர், என்கோடிங்கையே மிஞ்சும் அளவுக்கு நேரம் சாப்பிடும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த வீடியோவுக்கு அது தேவையே இல்லை. போனில் எடுத்த வீடியோவுக்கு ‘டீஇன்டர்லேஸ்’ ஃபில்டரும் வேண்டாம்.

3. இரண்டு பாஸ் எதற்கு?
‘டூ பாஸ்’ முறையில் வீடியோவை முழுக்க ஒரு தடவை அலசிவிட்டு, இரண்டாவது தடவையில்தான் என்கோட் செய்யும். ஃபைல் சரியாக இத்தனை ஜிபிக்குள் வர வேண்டும் என்றால் இது உதவும். அந்தக் கட்டாயம் இல்லையென்றால், ‘தரம் இவ்வளவு இருந்தால் போதும், சைஸ் எவ்வளவு வந்தாலும் சரி’ என்று சொல்லும் ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ முறை நல்லது. ஒரே பாஸில் வேலை முடியும்.

4. இல்லாததைக் கூட்டாதீங்க
1080பி-யில் எடுத்த வீடியோவை 4கே-வாக எக்ஸ்போர்ட் செய்தால், என்கோட் செய்ய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்கு ஆகும். 25 ஃபிரேம் வீடியோவை 60 ஆக்கினால் வேலை இரண்டு மடங்குக்கும் மேல். கேமரா பதிவு செய்யாத விவரம் இதனால் புதிதாக வந்துவிடாது.

பிரீசெட்: ஒரே கிளிக்கில் பெரிய வித்தியாசம்

ஹெச்.264-க்கான ‘எக்ஸ்264’ என்கோடரில் 10 பிரீசெட்கள் உண்டு. அல்ட்ராஃபாஸ்ட், சூப்பர்ஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ, ஸ்லோவர், வெரிஸ்லோ, கடைசியாக பிளாசிபோ. எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்பதைத்தான் இவை சொல்கின்றன. மீடியம் என்பதுதான் வழக்கமான அளவு.

‘வெரிஸ்லோ போட்டா குவாலிட்டி சூப்பரா வரும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்லோவைத் தாண்டிப் போகப் போக நேரம் எகிறும், பலனோ கொஞ்சம்தான் கூடும். பிளாசிபோ என்ற பெயரே, ‘மனசுக்குத் திருப்தி, அவ்வளவுதான்’ என்று கிண்டலாக வைத்ததுதான். அதைத் தொடவே வேண்டாம்.

அதற்காக அல்ட்ராஃபாஸ்டுக்கும் ஓட வேண்டாம். சுருக்குவதற்கு உதவும் முக்கியமான உத்திகள் பலவற்றை அது நிறுத்திவிடுகிறது. ஃபைல் வீங்கிவிடும். அவசரத்துக்கு வெரிஃபாஸ்ட் அல்லது ஃபாஸ்ட், சேமித்து வைப்பதற்கு மீடியம் அல்லது ஸ்லோ. வீட்டு உபயோகத்துக்கு இந்த எல்லைக்குள் இருந்தால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ முறையில் பிரீசெட்டை வேகமாக்கினால், முக்கியமாக ஃபைல் சைஸ்தான் கூடும். தரம் பெரிய அளவில் மாறாது. ஆனால், ‘நொடிக்கு இத்தனை மெகாபிட்’ என்று பிட்ரேட்டைக் கட்டிவைத்துவிட்டு பிரீசெட்டை வேகமாக்கினால், அடி விழுவது தரத்துக்கு. எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு பிரீசெட்டில் கை வையுங்கள்.

தர எண்ணை எவ்வளவு வைப்பது? ஹேண்ட்பிரேக்கில் ‘ஆர்எஃப்’ என்று வரும் எண் குறையக் குறைய தரம் கூடும். கேசட் தரத்துக்கு 18 முதல் 22, 1080பி வீடியோவுக்கு 20 முதல் 24, 4கே வீடியோவுக்கு 22 முதல் 28 என்பது அந்த மென்பொருளின் வழிகாட்டி சொல்லும் அளவு.

ஹார்ட்வேர் என்கோடர்: உங்க கம்ப்யூட்டரிலேயே ஒளிந்திருக்கலாம்

இவ்வளவும் பிராசஸரே செய்யும் வேலை. இதே வேலைக்கென்று தனியாக ஒரு சின்னப் பகுதியை சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டால்? அதுதான் ஹார்ட்வேர் என்கோடர்.

- இன்டெல்: குயிக் சிங்க். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில் அறிமுகமானது.
- என்விடியா: என்வென்க். 2012-ல் கெப்லர் வகை கிராபிக்ஸ் கார்டுகளுடன் வந்தது.
- ஏஎம்டி: தற்போதைய பெயர் விசிஎன்.
- ஆப்பிள்: வீடியோ டூல்பாக்ஸ் என்ற பெயரில் மேக் மென்பொருள்களில் தெரியும்.

மென்பொருளில் என்கோடர் பட்டியலைத் திறந்து இந்தப் பெயர்கள் தெரிகிறதா என்று பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் ‘ஹார்ட்வேர் என்கோடிங்’, ‘சாஃப்ட்வேர் என்கோடிங்’ என்று இரண்டு வாய்ப்பு இருக்கும். சில மென்பொருள்களின் இலவசப் பதிப்பில் இந்த வசதி கிடைக்காமலும் போகலாம். கிராபிக்ஸ் டிரைவர் பழசாக இருந்தாலும் பட்டியலில் வராது. அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள்.

வேகம்? மணிக்கணக்கில் நடக்கும் வேலை நிமிடக்கணக்குக்கு வருவது சகஜம். பிராசஸரும் ஓரளவு ஓய்வாக இருக்கும். அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

அப்போ எல்லாவற்றையும் ஹார்ட்வேரிலேயே செய்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. ஹார்ட்வேர் என்கோடரின் வேகத்துக்குக் காரணம், தேடும் முறைகளைக் குறைத்து சிப்பிலேயே நிரந்தரமாகப் பதித்து வைத்திருப்பதுதான். அதனால் பிராசஸர் நிதானமாகச் செய்யும் வேலையை ஒப்பிட்டால், அதே தரத்துக்கு இதில் ஃபைல் பெரிதாக வரும். அதே சைஸுக்குள் அடைத்தால் அசைவு நிறைந்த காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். புதிய தலைமுறை சிப்களில் இந்த இடைவெளி நன்றாகவே குறைந்திருக்கிறது. பழைய சிப்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எனவே, வீடியோ எங்கே போகப்போகிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

யூடியூபுக்கு: ஹார்ட்வேர் தாராளமாகப் போதும். நீங்கள் எப்படி ஏற்றினாலும் யூடியூப் தன் பங்குக்கு மறுபடியும் என்கோட் செய்யும். எனவே பிட்ரேட்டைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, சீக்கிரம் முடித்து ஏற்றிவிடலாம். 1080பி-க்கு நொடிக்கு 8 மெகாபிட், 4கே-வுக்கு 35 முதல் 45 மெகாபிட் என்பது சாதாரண ஃபிரேம் வேகத்துக்கு யூடியூப் சொல்லும் அளவு. அதைவிட அதிகமாக இருந்தால் தப்பில்லை, அப்லோடு ஆகும் நேரம்தான் கூடும்.

வாட்ஸ்அப்புக்கு: இதுவும் ஹார்ட்வேர்தான். வாட்ஸ்அப் தானே சுருக்கிவிடும். சுருங்காமல் போக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பலாம்.

வாடிக்கையாளர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய மாதிரி வீடியோவுக்கு: ஹார்ட்வேர், அதுவும் 720பி போதும்.

பல வருஷம் பத்திரப்படுத்த: இங்கே நிதானம். பிராசஸர் என்கோடிங், மீடியம் அல்லது ஸ்லோ. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு தடவை செலவாகும் அந்த ஏழெட்டு மணி நேரத்தைவிட, அந்த ஃபைல் இருக்கப்போகும் காலம் ரொம்பப் பெரிது.

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க

எல்லா கார்டிலும் என்கோடர் கிடையாது. என்விடியாவின் ஜிடி 1030 கார்டில் என்வென்க் இல்லவே இல்லை. ‘கிராபிக்ஸ் கார்டு போட்டும் வேகம் வரலையே’ என்ற புலம்பலுக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

பெரிய கார்டு என்றால் பெரிய வேகம் என்று இல்லை. என்கோட் செய்வது கேம் ஓட்டும் பகுதி அல்ல, தனியாக உள்ள சின்னப் பகுதி. ஒரே தலைமுறையில் விலை குறைந்த கார்டிலும் விலை உயர்ந்த கார்டிலும் அந்தப் பகுதி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உயர்ந்த சில கார்டுகளில் ஒன்றுக்கு மேல் இருக்கும். என்கோடிங்குக்கு மட்டும்தான் என்றால் லட்சக்கணக்கில் கொட்டத் தேவையில்லை. எஃபெக்ட், நிறம் சரிசெய்வது போன்ற வேலைகளுக்குக் கார்டின் மற்ற பகுதிகளும் உதவும், அது வேறு கணக்கு.

இன்டெல் பிராசஸரின் பெயரில் ‘எஃப்’ இருக்கிறதா? அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. எனவே குயிக் சிங்க்கும் கிடையாது. சில நூறு, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கி, பிறகு என்கோடிங்குக்காகவே தனி கார்டு வாங்க வேண்டி வரலாம்.

ஏவி1 வேண்டுமா? ஹார்ட்வேரிலேயே ஏவி1 என்கோடிங் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு வந்தது 2022-ல்தான். இன்டெல் ஆர்க், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசைகளில் அது உண்டு. அதற்கு முந்தைய கார்டுகளில் கிடையாது.

கேமரா ஃபைலையும் பாருங்க. கல்யாண வீடியோ எடுக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ‘4:2:2 10 பிட்’ என்ற முறை உண்டு. இந்த ஃபைலைத் திறந்து படிப்பதே பல கிராபிக்ஸ் கார்டுகளுக்கு முடியாது, பிராசஸர்தான் திணற வேண்டும். ஹெச்.265 முறையில் எடுத்த இத்தகைய ஃபைல்களை இன்டெல்லின் 11-வது தலைமுறை முதல் உள்ளமைந்த கிராபிக்ஸே படிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது. கார்டு வாங்கும் முன் கேமராவின் ஃபார்மட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் வேகம் வருமா?

நொடிக்கு 50 மெகாபிட் உள்ள ஒரு கேமரா ஃபைலை, ஓடும் வேகத்திலேயே படிக்க நொடிக்கு 6.25 எம்பி போதும். பழைய ஹார்டு டிஸ்கே அதைவிடப் பல மடங்கு வேகமானது. எனவே, என்கோடிங்குக்காக மட்டும் எஸ்எஸ்டி வாங்கினால் ஏமாற்றம்தான். விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்கும், ரீமக்ஸ் செய்வதற்கும், எடிட்டிங்கில் பல வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கும் எஸ்எஸ்டி நன்றாக உதவும்.

ரேமும் அப்படித்தான். போதுமான அளவு இல்லாவிட்டால் எல்லாமே முடங்கும். போதுமானது இருந்த பிறகு மேலும் கூட்டுவதால் என்கோடிங் வேகம் கூடாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிராசஸரில் கோர்கள் அதிகம் என்றால் வேகம் கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் பலன் குறையும். நிறைய கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒரே வீடியோ எல்லா கோர்களையும் பயன்படுத்தாமல் விடலாம். அப்போது இரண்டு வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் மொத்த வேலை சீக்கிரம் முடியும்.

லேப்டாப் சூடானால் வேகம் குறையும்

பிராசஸர் அளவுக்கு மீறி சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்கோடிங் என்பது மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் வேலை என்பதால், லேப்டாப்பில் இது கண்கூடாகத் தெரியும்.

- சார்ஜரைச் செருகிவிட்டே ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
- விண்டோஸ் செட்டிங்கில் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக வையுங்கள்.
- மெத்தை, தலையணை மீது வைக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைபடும். பலகையோ மேசையோ நல்லது.
- ஃபேனில் படிந்த தூசியை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.
- வெயில் காலத்தில் பெரிய வேலைகளை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று. வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகையும் கலந்த புதிய இன்டெல் பிராசஸர்களில், மென்பொருளை மினிமைஸ் செய்தால் விண்டோஸ் அந்த வேலையை சிக்கனமான கோர்களுக்குத் தள்ளிவிடுவது உண்டு. எஃப்பிஎஸ் திடீரென்று பாதியாகிவிட்டால், மென்பொருள் ஜன்னலைத் திரையிலேயே திறந்து வைத்துப் பாருங்கள்.

பாதியில் கரண்ட் போனால்?

5 மணி நேர வேலையில் நாலரை மணி நேரம் முடிந்திருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதலிலிருந்துதான். எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாமல் நின்றால், ஜிபி கணக்கில் ஃபைல் இருந்தும் பிளேயரில் ஓடாது.

எம்கேவி-யில் இந்தச் சிக்கல் குறைவு. அதுவரை முடிந்த பகுதி பெரும்பாலும் ஓடும். மின்வெட்டு உள்ள இடங்களில் எம்கேவி-யாக என்கோட் செய்துவிட்டு, முடிந்ததும் எம்பி4 ஆக ரீமக்ஸ் செய்வது பாதுகாப்பானது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் அவசியம்.

அவசரப்படவே கூடாத இடம்: ஒரே பிரதி

பழைய குடும்ப வீடியோக்கள் விஷயத்தில்தான் வேகத்தின் விலை ரொம்ப அதிகம். விஹெச்எஸ் கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது, ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். அதற்குக் குறுக்குவழி இல்லை. டேப் ஓடினால்தான் படம் வரும்.

மினி டிவி கேசட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி வரும். ‘இவ்வளவு பெரிசா?’ என்று உடனே சுருக்கத் தோன்றும். இந்த வீடியோக்கள் ‘இன்டர்லேஸ்’ முறையில், அதாவது ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறிப் பதிவானவை. அவசரத்தில் தவறான செட்டிங்கில் என்கோட் செய்தால், அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். சுருக்கிய ஃபைலிலிருந்து அதைச் சுத்தமாக நீக்குவது பெரிய பாடு. ‘டீஇன்டர்லேஸ்’ ஃபில்டர் தேவைப்படும் இடம் இதுதான்.

10 மினி டிவி கேசட் என்றாலும் மொத்தம் 130 ஜிபிதான். இன்றைய ஹார்டு டிஸ்கில் அது ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். எனவே அந்த ஒரிஜினலை அழிக்காதீர்கள். பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் ஹெச்.264 பிரதி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே சுருக்கிய வீடியோவை மறுபடி மறுபடி என்கோட் செய்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் போகும். ஜெராக்ஸ் பிரதியை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. பிறகு எவ்வளவு உயர்ந்த செட்டிங் வைத்தாலும் போனது வராது.

ஒரிஜினலை அழிக்கும் முன் 5 சோதனைகள்

1. பழைய ஃபைல், புதிய ஃபைல் இரண்டின் மொத்த நேரமும் ஒன்றாக இருக்கிறதா?
2. ஆரம்பம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்தீர்களா?
3. கடைசி ஐந்து நிமிடத்திலும் வாய் அசைவும் சத்தமும் ஒத்துப்போகிறதா?
4. போனில் மட்டுமல்லாமல் பெரிய டிவியிலும் போட்டுப் பார்த்தீர்களா? கட்டங்களும் கோடுகளும் பெரிய திரையில்தான் தெரியும்.
5. இரண்டு தனித்தனி டிஸ்கில் பிரதி இருக்கிறதா?

இதில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் டெலிட் பட்டனைத் தொட வேண்டாம். ஐந்தும் சரி என்றாலும், திரும்ப எடுக்கவே முடியாத வீடியோ என்றால் ஒரிஜினலை வைத்திருப்பதே நல்லது.

சுருக்கமாக, எந்த வரிசையில் முயற்சி செய்வது?

- முதலில், என்கோட் செய்யாமலே ரீமக்ஸில் முடியுமா என்று பாருங்கள்.
- தேவையில்லாத ஃபில்டர், டூ பாஸ், 4கே மாற்றம் ஆகியவற்றை நிறுத்துங்கள்.
- கோடெக், பிரீசெட் இரண்டையும் தேவைக்கு ஏற்ப மாற்றி, ஒரு நிமிட மாதிரியில் சோதியுங்கள்.
- யூடியூப், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு ஹார்ட்வேர் என்கோடர், பத்திரப்படுத்துவதற்குப் பிராசஸர்.
- சூடு, பவர் மோடு, தூசி ஆகியவற்றைச் சரிபாருங்கள்.
- இதற்கு அப்புறமும் போதவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். அப்போது எது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.